ஏதிலியர் தொழிலும் கெர்டா டாரோவின் காமிராவும்

ஊரிழந்து வந்தவர் எத்தொழிலில் இறங்குகிறார் என்பதை, வந்து சேர்ந்த இடத்தில் எந்த வழி அடைபடாமல் இருக்கிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. 1962இல் பர்மாவில் ஆட்சியைக் கைப்பற்றிய நே வின் அரசு, 1964இல் கடைகளை அரசுடைமையாக்கியதால் கப்பலேறிச் சென்னை வந்த தமிழர்கள், ஆவணங்களில் ‘தாயகம் திரும்பியோர்’ என்றும் மக்கள் வழக்கில் ‘பர்மா அகதிகள்’ என்றும் பெயர் பெற்று, வியாசர்பாடி உள்ளிட்ட வடசென்னைப் பகுதிகளில் குடியேறினர். அவர்களுள் பலர் 1969இல் உருவான பர்மா பஜாரிலும் அத்தோ என்னும் பர்மிய உணவை விற்கும் கடைகளிலும் பிழைப்பைத் தேடிக்கொண்டதற்குக் காரணம், அவ்வழிகளே அடைபடாமல் இருந்தன என்பதே.

இதே நெருக்கடிதான் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணை ஆவண ஒளிப்படத்துறைக்குள், அதாவது நிகழ்வுகளை நிகழுமிடத்திலேயே பதிவு செய்யும் துறைக்குள், கொண்டு சேர்த்தது. 1910இல் ஸ்டுட்கார்ட்டில் யூதக் குடும்பத்தில் பிறந்த கெர்டா போஹோரில், நாஜி எதிர்ப்புத் துண்டறிக்கைகள் தொடர்பாக 1933இல் கைதாகி, விடுதலையானபின் பாரிசுக்குத் தப்பிச் சென்றார். அயலாருக்கு வேலை கிடைப்பது அரிதாயிருந்த அந்நகரில் தட்டச்சு செய்து வாழ்ந்த அவர், ஹங்கேரிய ஏதிலியான எண்ட்ரே ஃப்ரீட்மனிடம் காமிராவைக் கையாளக் கற்று, பத்திரிகைகளுக்குப் படம் விற்கும் ‘அலையன்ஸ் போட்டோ’ நிறுவனத்தில் 1935இல் சேர்ந்தார். மொழித்தேர்ச்சியும் பெருமுதலும் வேண்டாத தொழில் அது. படப் பத்திரிகைகள் பெருகிய காலமும் அதுவே.

ஏதிலியர் பெயரில் படம் விலைபோகாது என்பதால் இருவரும் புனைந்த ‘ராபர்ட் காப்பா’ என்னும் பெயர் ஃப்ரீட்மனுக்கு நிலைத்துவிட, கெர்டா ‘டாரோ’ ஆனார். 1936 ஆகஸ்டில் ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குச் சென்று, பார்சிலோனாக் கடற்கரையில் பயிற்சி பெற்ற பெண் போராளிகளையும் வலென்சியாவின் பிணவறையையும் படமெடுத்த அவர், புருனெத்தேப் போர்முனையிலிருந்து பின்வாங்குகையில் டாங்கி மோதி, 1937 ஜூலை 26இல் இறந்தார்.

அவருடைய பெற்றோரும் உடன்பிறந்தாரும் நாஜிப் படுகொலையில் மாண்டதால், அவர் உழைப்புக்கு உரிமை கோர எவரும் எஞ்சவில்லை. காப்பாவின் காதலியென்றே அவரைக் குறிப்பிட்டு வந்தது பெரும் அநீதி. மெக்சிகோ நகரில் கிடைத்து 2007இல் நியூயார்க் சேர்ந்த பெட்டிகளில் காப்பா, டாரோ, சக ஒளிப்படக் கலைஞர் டேவிட் சீமோர் ஆகிய மூவரின் ஏறத்தாழ 4,500 நெகட்டிவ்கள் இருந்தன. அவற்றை ஆராய்ந்தபோது, காப்பாவுடையவை எனக் கருதப்பட்டு வந்த படங்களுள் சில டாரோ எடுத்தவை என்பது உறுதியாயிற்று.