வான் கெல்டர், ரூடி (1924–2016)

அமெரிக்க ஜாஸ் சங்கீதத்தின் தலைசிறந்த ஒலிப்பதிவு நிபுணர். கண்பரிசோதகராக ஜீவனம் நடத்திக்கொண்டே, நியூ ஜெர்சி மாநிலத்து ஹாக்கன்சாக்கில் தம் பெற்றோர் இல்லத்துக் கூடத்தில் ப்ளூ நோட், பிரெஸ்டீஜ் கம்பெனிகளின் இசைத்தட்டுகளைப் பதிவு செய்துவந்த இவர், 1959-இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் உயர்ந்த மர விதானமுடைய தனி நிலையம் கண்டார். ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' 1964 டிசம்பரில் பதிவானது அங்கேதான். முன்னைய இல்லக் கூடத்தை நினைந்து ஜாஸ் வித்வான் தீலோனியஸ் மங்க் தம் உருப்படியொன்றுக்கு 'ஹாக்கன்சாக்' என்றே பெயரிட்டார். வான் கெல்டர் கையுறை அணிந்தே மைக்ரோபோன்களைக் கையாள்வார், பிறரைத் தொடவிடார் என்று அவரிடம் வாசித்த வித்வான்கள் நினைவுகூர்வர். அக்கண்டிப்பைக் குறையென்று கொள்வதற்கில்லை, ஸாக்ஸபோனின் மூச்சும் தாளத்தட்டின் அதிர்வும் கேட்போர் அருகிலேயே நிகழ்வனபோல் ஒலிக்கும் அவ்வரிய ஸாந்நித்தியம் அத்தகைய சிரத்தையாலன்றி வாய்த்திராது. மைக்ரோபோன்களை எவ்விடத்தில் எங்ஙனம் நிறுத்தினார் என்பதை மட்டும் அவர் எளிதில் எவருக்கும் உரைத்தாரில்லை.