கோன்யாக்: முள்ளை முள்ளால் எடுத்த வரலாறு

குடியைப் போற்ற அன்று. வரலாற்றுக்காகவே கோன்யாக் பிராந்தியைப் பற்றி எழுதுகிறேன்.

பிரான்சின் கோன்யாக் வட்டாரத்தில் திராட்சை மதுவைச் செப்புக் கலங்களில் இருமுறை காய்ச்சி வடித்து, ஓக் மரப் பீப்பாய்களில் குறைந்தது 2 ஆண்டுகள் முதிர வைப்பர். பொன்னிறமும் வனிலா மணமும் மரத்தின் கொடை. ஆவியாகிக் குறைவதைத் 'தேவதைகளின் பங்கு' என்பர்.

1870களில், அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சீரா என்னும் வேர்ப்பூச்சி அங்குள்ள திராட்சைத் தோட்டங்களைப் பாழாக்கியது. மாற்றும் அமெரிக்காவிலேயே கிடைத்தது. பூச்சியைத் தாங்கும் அந்நாட்டுக் காட்டுத் திராட்சையின் வேர்த்தண்டில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினர். கோன்யாக்கின் சுண்ணாம்பு மண்ணில் வளரும் இனங்களைக் கண்டறிய உதவிய டெக்சஸ்காரர் தாமஸ் முன்சனுக்குப் பிரெஞ்சு அரசு 1888இல் விருதளித்தது.

கேடு வந்த திசையையே வெறுத்து ஒதுக்கியிருந்தால் மருந்து கிடைத்திருக்குமா? நம் பிள்ளைகளிடம் நான் கேட்க விரும்பும் வினா இது.