உறைந்த செவி: வானொலி ஏற்பியின் வரலாற்றில் ஒரு பகுதி

ஒலி எழாத வானொலி இருவகைப்படும். அனுப்புவோர் பேசாமையால் அமைதியாயிருப்பது ஒன்று. அவர் பேசியும் கருவி உறைந்து நின்றமையால் அமைதியாயிருப்பது மற்றொன்று. கேட்பவர் செவிக்கு இவ்விரண்டும் ஒன்றே. இவற்றைப் பிரித்தறியும் முயற்சி வானொலியின் வயதையே தன் வயதாகக் கொண்டது. கணிப்பொறியே வானொலியாகிவிட்ட இக்காலத்திலும் அம்முயற்சி ஓய்ந்தபாடில்லை.

பிரெஞ்சு அறிஞர் எதுவார் பிரான்லி 1890-இல் ஓர் உண்மையைக் கண்டார். கண்ணாடிக் குழாயில் தளர்வாக இட்ட உலோகத்தூள் மின்சாரத்தை எளிதிற் செல்லவிடாது. அருகே மின்பொறி தெறித்தால் உடனே செல்லவிடும். ஆங்கிலேயரான ஆலிவர் லாட்ஜ் 1894-இல் இதனை மின்னலைகளை உணரும் கருவியாக்கிக் காட்டினார். 'கொகீரர்' என்பது அதற்கு அவர் இட்ட பெயர். ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. ஒரு குறியை உணர்ந்தபின் தூள் ஒன்றோடொன்று ஒட்டியவாறே நின்றுவிடும். அடுத்த குறியை உணராது. ஆகவே, மின்மணியில் உள்ளது போன்ற சிறு சுத்தியலை அமைத்து, ஒவ்வொரு குறிக்குப் பின்னும் குழாயைத் தட்டிவிட்டனர். உறைந்த ஏற்பியை மீட்கும் பழைய வழி இதுவே.

தட்டாமலே தானாக மீளும் கருவியை ஆராய்ந்தவர் கல்கத்தாவின் ஜகதீச சந்திர போஸ். இரும்பையும் பாதரசத்தையும் தொடவைத்து அவர் அமைத்த கருவியைப் பற்றிய கட்டுரை 1899-இல் இலண்டன் ராயல் சங்கத்தில் படிக்கப்பெற்றது. சுத்தியல் உறைவை நீக்கியது; அதன் காரணத்தை நீக்கவில்லை. போஸ் காரணத்தையே நாடினார். இவ்வேறுபாடு பின்வரும் வரலாற்றுக்கெல்லாம் திறவுகோல் எனலாம்.

1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. அவ்வட்டாரத்தில் நின்றிருந்த கலிபோர்னியன் கப்பலின் ஒரே தந்தியாளர் அதற்குச் சற்று முன்னரே பணி முடித்துப் படுத்துவிட்டார். நள்ளிரவுக்குப்பின் அவரறைக்கு வந்த மூன்றாம் அதிகாரி செவிக்கருவியை எடுத்து மாட்டிக் கேட்டார், ஒன்றும் கேட்கவில்லை. அக்காலத்துக் காந்த ஏற்பிக்குள் கடிகாரப் பொறி ஒன்று ஓயாது சுழலவேண்டும். அதற்குச் சாவி கொடுக்கப்படாதிருந்ததை அவர் அறியவில்லை என்பது அந்நிகழ்ச்சியை ஆராய்ந்தோர் கூறுவது. கருவியின் உறைவு கடலின் அமைதியாகக் கொள்ளப்பட்டது. அவ்விரவில் மாண்டோர் 1,500-க்கும் மேற்பட்டோர். தந்தியறையில் இடையறாக் காவல் வேண்டுமென 1914-இல் இலண்டனில் பன்னாட்டு உடன்படிக்கை எழுந்தது. ஆனால் ஆள் விழித்திருத்தல் மட்டும் போதாது. கருவி விழித்திருக்கிறதா என்பதும் அறியப்படல் வேண்டும்.

மலாயாவில் 1946 ஏப்ரல் 1-இல் வானொலி மலாயா தோன்றியது. பால்மரத் தோட்டங்களின் லயங்களுக்கு வானொலி வழியே தமிழ் எட்டிய காலம் அது. அக்காலத்து வால்வுப் பெட்டி நின்றுவிட்டால் பழுது பார்ப்பவருக்கு வேலை எளிதாயிருந்தது. வால்வு ஒளிர்கிறதா, மின்கலம் தீர்ந்ததா என்று கண்ணாற் காணலாம், கையால் தொடலாம்.

இன்றைய நிலை வேறு. 1990-களின் தொடக்கத்தில் ஜோசப் மிட்டோலா என்னும் அமெரிக்கர் 'மென்பொருள் வானொலி' என்னும் கருத்தைப் பரப்பினார். 2001-இல் குனு ரேடியோ என்னும் கட்டற்ற மென்பொருள் தொடங்கிற்று. தொலைக்காட்சி பார்க்கவென விற்ற விரலளவுக் கருவியைப் பொது ஏற்பியாக்கலாம் என்பது 2012-இல் பரவலாயிற்று. அக்கருவி அலையை நொடிக்கு ஏறத்தாழ 24 இலட்சம் முறை அளந்து, முறைக்கு 2 பைட்டாக எண்களை அனுப்பும். அஃதாவது நொடிக்கு 48 இலட்சம் பைட்டு. எஞ்சியவை யாவும் நிரலின் வேலை. சுருளும் வடிகட்டியும் வாக்கியங்களாய் மாறியபின், பழுதைத் தொட்டுப் பார்ப்பது எங்ஙனம்?

நிரல் உறைவதற்குப் பெருவரவான காரணங்கள் மூன்று. முதலாவது, வரத்து நின்றுபோதல்: கம்பி தளர்ந்திருக்கலாம், கருவியை வேறொரு நிரல் முன்னரே கைப்பற்றியிருக்கலாம். இரண்டாவது, வரத்துக்கும் போக்குக்கும் ஒவ்வாமை. தஞ்சோங் காராங் வயல்களின் வாய்க்காலில் மேல்மடை திறந்து கீழ்மடை அடைந்தால் நீர் கரைபுரளும். கணிப்பொறி தாமதித்தால் எண்களும் அவ்வாறே வழிந்து இழக்கப்படும். மூன்றாவது, பூட்டு. திரையை வரையும் பகுதி, எண்களை வாங்கும் பகுதி முடியட்டும் எனக் காத்திருக்கும். அதுவோ திரை வரையப்படட்டும் எனக் காத்திருக்கும். ஒரே ஒற்றையடிப் பாலத்தின் நடுவே இருவர் எதிரெதிர் நின்றாற்போல் இரண்டும் அசையா.

இவற்றைப் பிரித்தறியும் முறையும் உண்டு. நிரல் உறைந்தவுடன் அதனை மூடிவிடலாகாது. மூடினால் தடயம் அழியும். முதலில் செயலியின் உழைப்பைக் காண்க. உழைப்பு முழுமையாயின் நிரல் முடிவின்றிச் சுற்றுகிறது, அல்லது சுமை மிகுந்துள்ளது. உழைப்பே இல்லையாயின் எதற்கோ காத்திருக்கிறது. பின்னர்ப் பிழைநீக்கியை இணைத்து, ஒவ்வொரு பகுதியும் எந்த வரியில் நிற்கிறது எனக் காணலாம். கருவிக்குப் பதில் முன்பே பதிந்த கோப்பைக் கொடுத்து ஓட்டினால், பழுது கருவியிலா நிரலிலா என்பது பெரும்பாலும் தெளிவாகும். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றவேண்டும் என்பது இம்முறையின் உயிர்.

இம்முறையின் வலிமைக்குச் சான்று செவ்வாயில் உள்ளது. 1997 ஜூலை 4-இல் அங்கிறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணிப்பொறி அடிக்கடி தன்னைத்தானே மீளத் தொடங்கிக்கொண்டது. தாழ்ந்த முன்னுரிமையுள்ள வேலை ஒன்று பூட்டைப் பிடித்திருக்க, இடைநிலை வேலை அதனைத் தடுக்க, உயர்ந்த வேலை காத்துக் கிடந்தது. காவற்கடிகாரம் மீளத் தொடங்கச் செய்தது. அது சுத்தியலின் பணி. பொறியாளர் புவியில் அதன் இணைக்கருவியை ஓட்டி, உறைவை மீண்டும் நிகழச்செய்து, காரணங்கண்டு திருத்தம் அனுப்பினர். அது போஸின் பணி.

கோலா சிலாங்கூரில் மெலாவத்தி குன்றின் மேல் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1784-இல் அக்குன்றைக் கைப்பற்றிய டச்சுக்காரர் கோட்டைக்கு இட்ட ஆல்ட்டிங்ஸ்பர்க் என்னும் பெயரே இவ்விளக்கத்திற்கும் வழங்குகிறது. எதிரே மலாக்கா நீரிணை. அங்கே செல்லும் பெருங்கப்பல்கள் தம் இருப்பிடத்தை 162 மெகாஹெர்ட்சு அளவிலான அலைகளில் இடைவிடாது அறிவிக்கின்றன. மேற்சொன்ன சிறு கருவியாலும் அவற்றை வாங்கிக் கடற்படத்தில் காணலாம். அந்நிரல் உறைந்தால் படம் மறைவதில்லை. சற்று முன்னிருந்த இடத்திலேயே கப்பல்கள் நிற்பதாகக் காட்டும். பாசிர் பெனாம்பாங் மீன்பிடிப் படகு ஒன்று அதனை நம்பினால் விளைவு யாது? வெற்றுத்திரையினும் உறைந்த திரை கொடியது. அது பழையதைப் புதியதாகச் சொல்கிறது.

விளக்கு அணைந்தால் மாலுமிக்கு உடனே தெரியும். உறைந்த ஏற்பியோ தான் உறைந்ததைச் சொல்லாது. ஆகவே, கடைசியாக எண் வந்த நேரத்தைத் திரையில் காட்டுவதும், வரத்து நின்றால் ஒலியெழுப்புவதும் நல்ல நிரலின் கடமைகளாம். கலிபோர்னியனின் அறையில் இல்லாதிருந்தது அத்தகையதொரு குறியே.