மலை ஏறத் திணறும் பழைய டீசல் வான்: பம்ப்பைக் கழற்றுமுன்

இரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டனுக்கு ஏறும்போது பழைய டீசல் வான் இழுவை குறைந்தால், 'பம்ப் போய்விட்டது' என்பதே பல கராஜ்களில் முதல் பேச்சு. பம்ப் வேலைக்குச் செலவு பெரிது. அதற்குமுன் புகையைப் பாருங்கள். கறுப்பாக வந்தால் டீசல் போகிறது. எயார் பில்டரையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். புகையே இல்லாமல் இழுவை குறைந்தால் டீசல் போதவில்லை.

தாங்கி மூடியைத் தளர்த்தியதும் சரியானால் மூடியின் காற்றுத் துளைதான் அடைப்பு. இல்லையெனில் பில்டரின் மேலுள்ள கைப்பம்ப்பை அழுத்துங்கள். அழுத்தியது எழும்பாவிட்டால் தாங்கிப் பக்கம் அடைப்பு. எவ்வளவு அடித்தும் இறுகாவிட்டால் எங்கோ காற்று இழுக்கிறது. குளோ பிளக் நன்றாக இருந்தும் காலையில் மட்டும் ஸ்டார்ட் பிந்துவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்: இரவில் டீசல் தாங்கிக்கே இறங்கிவிடுகிறது. வெடித்த ரப்பர் குழாய் வெளியே ஒரு துளியும் சிந்தாமல் காற்றை இழுக்கும். கசிவைத் தேடி ஏமாறுவது இங்கேதான்.

சந்தேகம் தீராவிட்டால், பம்ப்புக்கு வரும் குழாயைக் கழற்றிவிட்டு, உயரத்தில் வைத்த கானிலிருந்து சுத்தமான டீசலை நேரே கொடுத்து ஓடவிடுங்கள். என்ஜின் சீரானால் பம்ப்பைத் தொடவே வேண்டாம். கோளாறு தாங்கிக்கும் பம்ப்புக்கும் இடையில்.

2022 தட்டுப்பாட்டில் பரல்களில் சேர்த்த டீசலைக் குடித்த வண்டியென்றால், முதலில் தாங்கியின் அடி நட்டைத் திறந்து நீரையும் சேற்றையும் வடித்துவிடுங்கள்.