ஒரே பெயர்.. பல ஊர்கள்! மணவூர் முதல் திருப்பத்தூர் வரை.. குழப்பம் ஏன்? தப்பிப்பது எப்படி?

சென்னையில் இருந்து அரக்கோணம் போகும் புறநகர் ரயிலில் திருவள்ளூரைத் தாண்டினால் கடம்பத்தூர், செஞ்சி பனம்பாக்கம், மணவூர், திருவாலங்காடு என்று வரிசையாக நிலையங்கள் வரும். இதில் செஞ்சி, மணவூர், திருவாலங்காடு ஆகிய மூன்று பெயர்களுக்குமே வேறு இடத்தில் ‘இரட்டைப் பிறவி’ உண்டு என்பது பலருக்கும் தெரியாது.

செஞ்சி என்றதும் நினைவுக்கு வருவது விழுப்புரம் மாவட்டத்துக் கோட்டை. திருவாலங்காடு என்ற பெயரில் மயிலாடுதுறை மாவட்டம் குத்தாலம் பக்கத்திலும் ஒரு ஊர் இருக்கிறது. மணவூரோ புராணத்திலேயே இடம்பிடித்த பெயர். மதுரை நகரம் உருவாவதற்கு முன்பு குலசேகர பாண்டியன் மணவூரில் இருந்து ஆட்சி செய்ததாகச் சொல்கிறது திருவிளையாடற் புராணம். அந்த மணவூர் பாண்டிய நாட்டில். இந்த மணவூர் திருத்தணி பக்கத்தில்!

ஒரே பெயர் ஏன் வருகிறது?

முதல் காரணம் ரொம்ப எளிது. அந்தக் காலத்தில் கண்ணில் பட்டதையே ஊருக்குப் பெயராக வைத்தார்கள். ஆலமரக் காடு இருந்தால் ஆலங்காடு. புதிதாகக் குடியேறினால் புத்தூர். சின்ன ஊர் என்றால் சிற்றூர், அதுவே பேச்சில் சித்தூர். ஆலமரமும் சின்ன ஊரும் எல்லாப் பக்கமும் இருக்கும்தானே? அதனால்தான் ஆந்திராவில் ஒரு சித்தூர், கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் இன்னொரு சித்தூர். புத்தூர் கேட்கவே வேண்டாம். ஆந்திரா, திருச்சி, கர்நாடகா, யாழ்ப்பாணம் என எல்லா இடத்திலும் உண்டு.

இரண்டாவது காரணம், பெயரைக் கையோடு கொண்டுபோவது. காசிக்குப் போக முடியாதவர்களுக்குத் தெற்கே ஒரு காசி, அதுதான் தென்காசி. திண்டுக்கல் மாவட்டத்தில் வடமதுரை இருக்கிறது. வடக்கே கிருஷ்ணர் பிறந்த ஊரையும் தமிழில் வடமதுரை என்றே சொல்வார்கள்.

மலைகளும் தப்பவில்லை. திருமலை என்றால் ஏழுமலையான் நினைவுக்கு வருவார். ஆனால் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்திலும் ஒரு திருமலை உண்டு. அது நேமிநாதர் சிலை நிற்கும் சமணத் தலம்.

இது நம்ம ஊர் பழக்கம் மட்டுமல்ல. பல்கேரியா நாட்டினர் தங்கள் ஊரான லியாஸ்கோவெட்ஸ் பெயரை அண்டார்டிகா பக்கத்தில் உள்ள லிவிங்ஸ்டன் தீவின் சிகரம் ஒன்றுக்கு வைத்திருக்கிறார்கள். இந்தியா அண்டார்டிகாவில் அமைத்த முதல் ஆய்வு நிலையத்தின் பெயரும் தட்சிண் கங்கோத்ரி, அதாவது ‘தெற்கு கங்கோத்ரி’.

பெரிய குழப்பம்.. இரண்டு திருப்பத்தூர்!

2019-ல் வேலூரில் இருந்து பிரிந்து தனி மாவட்டமானது திருப்பத்தூர். சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் அளந்தாலே 250 கி.மீ.க்கு மேல். இரண்டுமே சட்டமன்றத் தொகுதிகள் வேறு. வடக்கே இருப்பது 50-வது தொகுதி, சிவகங்கையில் இருப்பது 185-வது தொகுதி. ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். தேர்தல் முடிவு நாளில் எண்ணைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்தால் கணக்கே மாறிவிடும்.

சோழர் காலத்திலேயே ‘பின்கோடு’

இந்தச் சிக்கல் ஆயிரம் வருடத்துக்கு முன்பே இருந்தது. முதலாம் ராஜேந்திர சோழனின் புகழ்பெற்ற செப்பேடு கிடைத்தது மணவூருக்கு அடுத்த திருவாலங்காட்டில்தான். பழையனூர் கிராமத்தைக் கோயிலுக்குத் தானமாகக் கொடுத்ததைச் சொல்லும் ஆவணம் அது. வெறும் ‘பழையனூர்’ என்று எழுதி விட்டுவிடவில்லை. எந்த மண்டலம், எந்த நாடு என்று சொல்லி, ஊரின் எல்லைகளையும் விவரித்திருக்கிறார்கள். இன்றைக்கு மாவட்டம், தாலுகா, கிராமம் என்று எழுதுகிறோமே, அதே முறைதான்.

நவீன இந்தியாவில் அந்த வேலையைச் செய்வது 6 இலக்க பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15-ல் அறிமுகமானது. முதல் மூன்று எண்கள் தபால் பிரிக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்று எண்கள் தபால் நிலையத்தையும் காட்டும். திருத்தணிக்கு 631209.

நிலம் அதே இடம்.. மாவட்டம் மட்டும் மாறும்

திருத்தணி பகுதி மக்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ம.பொ.சி. உள்ளிட்டோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ல்தான் திருத்தணி தமிழகத்துடன் இணைந்தது. அதுவரை சித்தூர் மாவட்டம். பிறகு செங்கல்பட்டு மாவட்டம். 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். தாத்தா காலத்துப் பத்திரத்தில் ‘சித்தூர் ஜில்லா’ என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அது வேறு ஊர் நிலம் அல்ல. ஆனால் வில்லங்கச் சான்று தேடும்போது இந்த மாற்றத்தை மறந்தால் அலைச்சல்தான்.

எப்படித் தப்பிப்பது?

* ரயில் டிக்கெட் எடுக்கும்போது பெயரோடு நிலையக் குறியீட்டையும் பாருங்கள். திருவள்ளூருக்கு டிஆர்எல், திருவாரூருக்கு டிவிஆர். ஆங்கிலத்தில் அவசரமாகப் படித்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

* 108-க்கு அழைக்கும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்த வேண்டாம். மாவட்டம், தாலுகா, பக்கத்தில் உள்ள பெரிய ஊர், கோயில் அல்லது பள்ளி என அடையாளம் சொல்லுங்கள். அவசரத்தில் ஒரு நிமிடம்கூட உயிரைக் காப்பாற்றும்.

* பட்டா, சிட்டாவை ஆன்லைனில் தேடும்போது மாவட்டம், வட்டம், கிராமம் மூன்றும் சரிதானா என்று பார்த்துவிட்டு சர்வே எண்ணைப் போடுங்கள்.

* மேல், கீழ், வட, தென், பழைய, புது போன்ற முன்னொட்டுகளை விண்ணப்பத்தில் விட்டுவிடாதீர்கள். ஒரே பெயர் கொண்ட ஊர்களைப் பிரித்துக் காட்டவே அவை வந்தன.

* வெளியூர் பஸ்ஸில் ஏறும் முன் “எந்த வழி?” என்று நடத்துநரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். திருப்பத்தூர் என்று எழுதிய போர்டை மட்டும் நம்பி ஏறினால், விடியும்போது இறங்கும் ஊர் வேறாக இருக்கலாம்!