வடபுலத்து மரபும் இனவெறியரும்

ஒரு நாட்டின் மண்ணைப் படைகொண்டு கவர்ந்தால் உலகம் உடனே அறிந்துகொள்கிறது. அந்நாட்டின் பழம்பெருமையைக் கவர்வது அத்துணை எளிதில் புலனாவதில்லை. தன் முன்னோர் போற்றிய சின்னம் பிறன் கொடியில் பறக்கக் கண்ட பின்னரே, மரபைப் பறிகொடுத்தவன் விழித்துக்கொள்கிறான். இத்தகைய களவுக்கு ஆளானது, ஐரோப்பாவின் வடபுலத்து நாடுகளாகிய நார்வே, ஸ்வீடன், டென்மார்க், ஐஸ்லாந்து ஆகியவற்றின் தொல்மரபு. வெள்ளை இனமே உயர்ந்தது என்போர் அம்மரபைத் தமதாக்கிக்கொண்ட வரலாற்றை இங்குக் காண்போம்.

முதலில், அம்மரபு யாது? கி.பி. எட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் பதினோராம் நூற்றாண்டு வரை வைக்கிங்குகள் கடலோடிகளாகவும் வணிகராகவும் கொள்ளையராகவும் விளங்கினர். ஓடின், தோர் முதலிய தெய்வங்களை வணங்கினர். ரூன் என்னும் எழுத்துகளைக் கல்லிலும் மரத்திலும் பொறித்தனர். அவர்தம் தெய்வக் கதைகளை நாம் பெரும்பாலும் ஐஸ்லாந்து ஏடுகளின் வாயிலாகவே அறிகிறோம். அந்நாடு 1000ஆம் ஆண்டளவில் கிறித்தவ சமயத்தைத் தழுவியது. அதற்கு இரு நூற்றாண்டுகள் கழித்து, 1220ஆம் ஆண்டளவில், ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்னும் அறிஞர் அக்கதைகளை ‘எட்டா’ என்னும் நூலில் தொகுத்தார். அவரும் ஒரு கிறித்தவரே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியர் பல அரசுகளாகப் பிரிந்து கிடந்தனர். ஒன்றுபட விழைந்த அவர்களுக்கு ஒரு பழம்பெருமை தேவைப்பட்டது. வடபுலத்துக் கதைகள் அதற்குப் பயன்பட்டன. வாக்னரின் ‘நிபெலுங்கின் மோதிரம்’ என்னும் இசை நாடகம் 1876இல் பைராய்ட் நகரில் முழுமையாக அரங்கேறியது. அதற்கு உடை வகுத்த கார்ல் எமில் டோப்லர், நடிகர் சிலர்க்குக் கொம்பு வைத்த தலைக்கவசம் அணிவித்தார். வைக்கிங்குகள் போரில் அத்தகைய கவசம் அணிந்ததற்குச் சான்று இல்லை. ஆயினும் அன்று மேடையேறிய கொம்பு இன்றுவரை இறங்கவில்லை.

கற்பனை கலையோடு நின்றிருந்தால் தீங்கில்லை. அது அரசியலிலும் புகுந்தது. வியன்னாவைச் சேர்ந்த கைடோ ஃபான் லிஸ்ட் என்பவர் 1908இல் ரூன் எழுத்துகளின் மறைபொருள் பற்றி ஒரு நூல் வெளியிட்டு, தொன்மையான எழுத்துகள் பதினெட்டு என்றார். பழைய வரிசையில் இருந்தவை 24. வைக்கிங் காலத்து வரிசையில் இருந்தவை 16. பதினெட்டு என்பது அவர் புனைந்தது. ஞாயிற்றைக் குறித்த எழுத்துக்கு ‘வெற்றி’ என்னும் பொருளையும் ஏற்றினார். அவ்வெழுத்தே பின்னர் இரட்டித்து, ஹிட்லரின் எஸ். எஸ். படையினர் கழுத்துப்பட்டியில் அச்சமூட்டும் சின்னமாயிற்று. கடல் கடந்த அமெரிக்காவிலும் மேடிசன் கிராண்ட் என்பார், ‘நார்டிக்’ இனமே மேலானது என்று 1916இல் ஒரு நூல் எழுதினார். 1924ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் இத்தகைய கருத்துகளின் துணையோடு எழுந்ததே.

1935இல் ஹிம்லர் ‘முன்னோர் மரபு’ எனப் பொருள்படும் ஆனனெர்பெ என்னும் ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். முடிவை முதலில் வைத்துக்கொண்டு சான்றைப் பின்னர்த் தேடியது அந்நிறுவனம். வடபுலத்தாரை வானளாவப் புகழ்ந்த அதே ஆட்சி, 1940 ஏப்ரல் 9ஆம் நாள் டென்மார்க்கின் மீதும் நார்வேயின் மீதும் படையெடுத்தது. நார்வேயிலிருந்து எழுநூறுக்கும் மேற்பட்ட யூதர்கள் நாடுகடத்தப்பட்டனர். உயிரோடு மீண்டோர் மிகச் சிலரே. புகழுரையின் உட்பொருள் அப்போது விளங்கிற்று.

கலப்பற்ற தூய இனம் என்னும் கூற்றையேனும் சான்றுகள் தாங்குகின்றனவா? ஸ்வீடனின் ஹெல்கோ தீவில், இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் வார்க்கப்பட்ட வெண்கலப் புத்தர் சிலை 1950களில் கிடைத்தது. காட்லண்டு தீவில் 1999இல் அகப்பட்ட வெள்ளிப் புதையலில் 14,000க்கும் மேற்பட்ட நாணயங்கள் இருந்தன. பெரும்பாலானவை இஸ்லாமிய நாட்டவை. தொல்மாந்தர் 442 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2020இல் வெளிவந்த ஆய்வு, வைக்கிங்குகளிடையே தென் ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்த கலப்பு உண்டு எனக் காட்டியது. தெய்வக் கதைகளிலும் தூய்மை இல்லை. ஓடினின் தாயும் தோரின் தாயும், தெய்வங்கள் பகைத்த அரக்கர் குலத்துப் பெண்களே!

எனினும் களவு ஓயவில்லை. 2011இல் நார்வேயில் 77 பேரைக் கொன்ற இனவெறியன், தன் துப்பாக்கிகளுக்கு ஓடினின் வேலின் பெயரையும் தோரின் சம்மட்டியின் பெயரையும் சூட்டியிருந்தான். அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரில் 2017இல் நடந்த இனவெறியர் பேரணியிலும் ரூன் எழுத்துகள் காணப்பட்டன. மரபுக்குரியோர் வாளாவிருக்கவில்லை. பழைய தெய்வங்களைப் போற்ற ஐஸ்லாந்தில் 1972இல் தோன்றிய ஆசத்ரு கழகம், இனவெறிக்கும் தனக்கும் தொடர்பில்லை என வெளிப்படையாக அறிவித்துள்ளது. அமெரிக்காவிலும் அத்தெய்வங்களைப் போற்றும் பல அமைப்புகள், இனவேற்றுமை பாராட்டும் அமைப்பொன்றோடு உறவு வேண்டா என 2016இல் கூட்டறிக்கை விடுத்தன.

இச்சின்னங்களைத் தீண்டத்தகாதவை என்று முற்றும் ஒதுக்கிவிடுவதும் அறமன்று. அது திருடனுக்கே உரிமையை எழுதிக் கொடுப்பதாகும். கல்லில் ரூன் எழுத்தைக் கண்டதும் வெறியை நினைப்பதும் தவறு. மேடையில் அதைக் கண்டு ஐயுறாமல் இருப்பதும் தவறு. வரலாறு பயிலும் மாணவர்கள், பழம்பெருமை பேசுவோரிடம் இரண்டு வினாக்கள் கேட்கப் பழக வேண்டும். ‘இதற்குச் சான்று எந்த ஆண்டினது?’ என்பது ஒன்று. ‘இப்பெருமையைச் சொல்லி யாரைப் புறந்தள்ளப் பார்க்கிறீர்கள்?’ என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் 1930களில் ஜெர்மனியின் பள்ளிகளில் துணிந்து கேட்பார் மிகக் குறைவாகவே இருந்தனர். அதற்கு ஐரோப்பா கொடுத்த விலை பெரிது.