வாழும் சொல்லும் ஐரோப்பியக் குடிமையும்

குடியுரிமையைச் சட்டத்தால் வழங்கலாம். குடிமையுணர்வைச் சட்டத்தால் வழங்க இயலாது. அது மக்கள் ஒருங்கிருந்து கற்பதாலும் கலந்து பேசுவதாலும் வளர்வது. ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டில் முதியோர் கல்விக்கெனத் தொடங்கிய திட்டத்திற்குக் குருண்ட்விக் என்னும் டேனியப் பாதிரியாரின் பெயரைச் சூட்டியது. அவரோ ஐரோப்பாவை ஒன்றாக்க எண்ணியவர் அல்லர். தம் மொழிக்கும் தம் மக்களுக்கும் உழைத்தவர். அவர் பெயர் ஒரு கண்டத்தின் பொதுக் கல்விக்கு உரியதான வரலாறு எண்ணத்தக்கது.

உழவர்க்கு ஓர் உயர்பள்ளி

நம் நாட்டில் முதியோர் கல்வி என்றவுடன் எழுத்தறிவித்தலே நினைவிற்கு வரும். டென்மார்க்கில் 1814-ஆம் ஆண்டிலேயே சிறார்க்குக் கட்டாயக் கல்வி வந்துவிட்டது. ஆகவே, அங்கு எழுந்த வினா வேறு. உழவரைப் பிறந்த பண்ணையோடு பிணைத்திருந்த கட்டு 1788-இல் அறுக்கப்பட்டது. 1830-களில் அமைந்த ஆலோசனை மன்றங்களில் நிலமுடைய உழவரும் இடம் பெற்றனர். எழுதப் படிக்கத் தெரிந்தவர் நாட்டுச் செயல்களில் கருத்துரைக்கும் தகுதியை எங்ஙனம் பெறுவது? இதுவே நிக்கோலாய் பிரெடெரிக் செவெரின் குருண்ட்விக் (1783-1872) எழுப்பிய வினா.

இலத்தீன் பள்ளிகளை அவர் வெறுத்தார். ஏட்டுச் சொல்லினும் வாய்மொழியாக வழங்கும் ‘வாழும் சொல்’லே உயிருடையது என்றார். இங்கிலாந்திற்குச் சென்றபோது கேம்பிரிட்ஜில் ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் வாழ்ந்து உரையாடிய முறை அவரைக் கவர்ந்தது. அவர் கருத்தின் வழியே 1844-இல் ரோடிங் என்னும் ஊரில் முதல் மக்கள் உயர்பள்ளி தோன்றியது. செருப்புத் தைப்பவரின் மகனான கிறிஸ்டன் கோல்ட் 1851-இல் ரிஸ்லிங்கேயில் தொடங்கிய பள்ளி அதனை எளிய உழவரிடம் கொண்டு சேர்த்தது. வயல்வேலை குறைந்த குளிர்காலத்தில் இளைஞர் வந்து தங்கினர். வரலாறும் புராணமும் பாட்டும் உரையாடலுமே பாடங்கள்; தேர்வு இல்லை, பட்டமும் இல்லை. பின்னாளில் டேனியக் கூட்டுறவுப் பால்பண்ணைகளை நடத்தியோர் பலர் இத்தகைய பள்ளிகளில் பயின்றவரே.

எல்லையில் நின்ற பள்ளி

ரோடிங் அமைந்திருந்த ஷ்லெஸ்விக் நிலப்பகுதியில் டேனிய மொழியும் ஜெர்மன் மொழியும் போட்டியிட்டன. டேனிய மொழிக்கு அரணாகவே அப்பள்ளி எழுந்தது என்பது மறைத்தற்குரியதன்று. 1864-ஆம் ஆண்டுப் போரில் டென்மார்க் அந்நிலத்தை இழந்தது. மறு ஆண்டே ஆசிரியர் புதிய எல்லைக்கு வடக்கே ஆஸ்கோவில் பள்ளியைத் தொடர்ந்தனர். 1920-இல் நடந்த வாக்கெடுப்பில் வட ஷ்லெஸ்விக் டென்மார்க்கிற்கு மீண்டது.

ஓரினத்தைத் தன்னுள் ஒன்றாக்கும் பண்பாடு, அயலானுக்கு வேலியாகவும் அமையக்கூடும். அவ்வேலியைத் திறந்தவர் பீட்டர் மேனிக்கே. முதல் உலகப் போர் முடிந்தபின், 1921-இல், ஹெல்சிங்கோர் நகரில் அவர் பன்னாட்டு மக்கள் உயர்பள்ளியை நிறுவினார். போரில் எதிரெதிரே நின்ற நாட்டினர் அங்கு ஒரே கூரையின்கீழ் தங்கி, சேர்ந்து உழைத்தும் கற்றும் வாழ்ந்தனர். ஓரினத்தின் காவலுக்குப் பிறந்த கல்விமுறை, உருமாறாமலே பல இனத்தாரின் உறவுக்குப் பயன்பட்டது. 1955-இல் டென்மார்க்கும் மேற்கு ஜெர்மனியும் தத்தம் எல்லைக்குள் வாழும் சிறுபான்மையர் தம் இனத்தைத் தாமே அறிவித்துக்கொள்ளும் உரிமையை ஏற்று அறிக்கைகள் வெளியிட்டன.

மறுத்தவர் தந்த விளக்கம்

1992-இல் கையெழுத்தான மாஸ்டிரிக்ட் உடன்படிக்கை ஐரோப்பியக் குடியுரிமையைப் படைத்தது. அவ்வாண்டு ஜூன் 2-ஆம் நாள் டேனிய மக்களுள் 50.7 விழுக்காட்டினர் அதனை மறுத்து வாக்களித்தனர். ஐரோப்பியக் குடியுரிமை நாட்டுக் குடியுரிமைக்கு மாற்றாகாது என எடின்பரோ மாநாடு உறுதியளித்த பின்னரே, 1993 மே மாதத்தில் 56.7 விழுக்காட்டினர் இசைந்தனர். 1997-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் உடன்படிக்கை அவ்வுறுதியை எல்லா நாட்டினர்க்கும் பொதுவாக்கியது. மறுத்தவர் எழுப்பிய ஐயமே சட்டத்திற்கு விளக்கமாயிற்று. பேசப் பழகிய மக்கள் தம் ஆட்சியாளரோடும் வழக்குரைக்க வல்லவர் என்பதை இது காட்டுகிறது.

குருண்ட்விக் திட்டம் 2014 முதல் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்துள் அடங்கிவிட்டது. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. உறுப்பு நாடொன்றின் குடியுரிமை பெற்றவரே ஐரோப்பியக் குடியராவர். 1980-களில் ஈழத்திலிருந்து ஏதிலியராய் டென்மார்க் சென்ற தமிழர் முதலானோர், அந்நாட்டு மொழியைக் கற்றும் உழைத்தும் வாழ்ந்த பின்னரும், குடியுரிமைக்குக் காத்திருக்க நேர்ந்தது. பொதுப்பண்பாடு என்பது முன்னோர் விட்டுச்சென்ற சொத்து மட்டுமே எனின், புதிதாய் வந்தவர்க்கு அதில் பங்கில்லை. சேர்ந்து பேசிப் பேசி ஆக்கிக்கொள்வது எனின், அவர்க்கும் பங்குண்டு. ரோடிங்கில் தொடங்கி ஹெல்சிங்கோரில் விரிந்த வரலாறு இரண்டாவது விடையையே வலியுறுத்துகிறது. தன் தாய்மொழியில் நிமிர்ந்து நிற்பவனே அயலான் மொழிக்கும் செவி கொடுப்பான். அச்செவியே குடிமையின் முதற்பாடம்.